பழைய பிக்கப் கேபினில் துரு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

எங்கள் வேலூர், காட்பாடிப் பக்கம் டிங்கரிங் வேலைக்கு வரும் பழைய பிக்கப்கள் பெரும்பாலும் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) நெருங்கும்போதுதான் வரும். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். அதனால் வருடத்துக்கு ஒரு முறை துருவின் மேலேயே பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) ஏறுகிறது, பட்டியின் மேல் பெயின்ட் ஏறுகிறது. வண்டி பளபளவென்று பாஸாகிவிடும். ஐப்பசி மழை இரண்டு அடித்ததும் அதே இடம் மறுபடி வீங்கும்.

துரு தெரிகிற இடம் ஒன்று, தண்ணீர் நுழைகிற இடம் வேறொன்று. தண்ணீரை விட்டுவிட்டுத் தகட்டை மட்டும் மாற்றினால் புதுத் தகடும் அதே வழியில் போகும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் வெட்டுவது, ஒட்டுவது பற்றிச் சொல்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

ஒரு ஸ்க்ரூ டிரைவர், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம், டார்ச் லைட், ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பி. சோதனைக்கு இவ்வளவு போதும். காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்துங்கள். நல்ல தகட்டில் கையைப் பிடித்து இழுக்கும். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் பிடி தளர்ந்து வழுக்கும். முந்தைய வேலைகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிறகு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீர் என்று சொல்லும், கெட்டது மொத்தென்று சொல்லும். மொத்தென்று கேட்ட இடத்தில் முனையை வைத்து அழுத்துங்கள். ஓட்டை விழுந்துவிடுமே என்று பயந்து அழுத்தாமல் விடுவதுதான் தவறு. அழுத்தினால் விழுகிற ஓட்டை ஏற்கெனவே அங்கே இருந்ததுதான்.

மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தேய்த்தால் முழுதாகப் போய் வெள்ளைத் தகடு தெரிந்தால் அது மேல்துரு. தேய்த்த பிறகும் கறுப்புப் புள்ளிகளாகக் குழிகள் நின்றால் அது குழித்துரு, அதற்கு மருந்து வேண்டும். முனை உள்ளே போனால் தகடு மாற்றியே ஆக வேண்டும். இரும்பு துருவாகும்போது தான் இருந்த இடத்தைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், பெயின்ட் வீங்குவது அதனால்தான். மேலே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வீக்கம் தெரிந்தால், உள்ளே உள்ளங்கை அளவுக்குக் கெட்டிருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

கதவின் அடிவிளிம்பில் கொப்புளம்

அதிகம் வருவது இதுதான். கதவுக் கண்ணாடியின் வெளிப்பக்க ரப்பர் வெயிலில் காய்ந்து சுருங்கியிருக்கும். கண்ணாடியில் வழியும் மழைத்தண்ணீர் அந்த இடைவெளி வழியாகக் கதவுக்குள் இறங்கும். புது வண்டியிலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதற்காகத்தான் கதவின் அடியில் இரண்டு மூன்று வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். அந்தத் துளை அடைபட்டால் கதவு ஒரு தொட்டியாகிவிடும்.

எங்கள் பக்கத்தில் அதை அடைப்பது பெரும்பாலும் புளிய இலை. பழைய சாலையோரங்களில் புளியமரங்கள்தான் நிழல், வண்டியை அங்கேதான் நிறுத்துகிறார்கள். வேப்ப இலை பெரிது, ரப்பரில் தடைபட்டு வெளியே நின்றுவிடும். புளிய இலை நகத்தளவுதான். கண்ணாடியோடு சேர்ந்து உள்ளே இறங்கி, சாலைப் புழுதியோடு குழைந்து, துளையின் மேல் அப்பிக்கொள்ளும்.

குடியாத்தத்தில் இருந்து ஒரு பையன் மாங்காய் லோடு அடிக்கும் வண்டியைக் கொண்டுவந்தான். “இன்னாணா, ஒரு ரூபா அளவு கொப்புளம், இதுக்குப் போய் கதவைப் பிரிக்கணுமா? மேல கொஞ்சம் பட்டி போட்டு வுட்டுடுங்கணா” என்றான். “பிரிச்சுப் பாத்துட்டுப் பேசலாம் தம்பி” என்று கதவின் உள்பக்க அட்டையான உள்பேடைக் கழற்றினேன். கையை விட்டு அடியில் வழித்தால் கறுப்புக் களியாக இரண்டு கைப்பிடி வந்தது. மூன்று நாள் வெயிலில் நின்ற வண்டி அது, ஆனாலும் களி ஈரமாகவே இருந்தது. விரலில் நசுக்கினால் இலையும் துருச் செதிலும் தனித்தனியாகப் பிரிந்தன. பையன் அதற்கு மேல் பட்டியைப் பற்றிப் பேசவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: உள்பேடைக் கழற்றிக் களியை வழித்தெடுங்கள். ஸ்போக் கம்பியால் துளைகளைத் திறந்து, ஒரு சொம்புத் தண்ணீரை உள்ளே ஊற்றுங்கள். நின்று நின்று சொட்டினால் இன்னும் அடைப்பு இருக்கிறது, தாரையாக ஓடினால் சரி. உள்ளே மேல்துருவோ குழித்துருவோ மட்டும் இருந்தால் வயர் பிரஷ், துரு மருந்து, எபாக்ஸி பிரைமர் என்று போய்விடலாம். முனை உள்ளே போகிறது என்றால், கதவின் வெளித்தகட்டை உள்தகட்டின் மேல் மடித்து நசுக்கியிருக்கிறார்களே, அந்த மடிப்புக்குள் துரு இருக்கிறது. மடிப்பை வைத்துக்கொண்டு வெளியே தேய்ப்பதில் பயனில்லை. அடியில் இரண்டு மூன்று அங்குலம் உயரத்துக்கு நீளவாக்கில் வெட்டி, 20 கேஜ் தகட்டில் புது விளிம்பு செய்து வைக்க வேண்டும். 20 கேஜ் என்றால் சுமார் 0.9 மி.மீ. விளிம்பை மடிப்பதற்கு முன்னால் மடிப்பின் உள்ளே பிரைமர் அடித்து விடுங்கள், மடித்த பிறகு அங்கே பிரஷ் போகாது. கண்ணாடி ரப்பரையும் மாற்றுங்கள், அது பெரிய செலவில்லை.

மழைக்கு மறுநாள் மிதியடி ஈரமாக இருக்கிறது

மேலே எதுவும் தெரியாது. மிதியடியைத் தூக்கினால் அடியில் இருக்கும் ஃபெல்ட் துணி சொதசொதவென்று இருக்கும், பூஞ்சை வாடை வரும். தரை ஓட்டையாவதற்கு ஓரிரு வருடம் முன்பே கிடைக்கும் எச்சரிக்கை இது. இந்த நிலையில் பிடித்துவிட்டால் வெட்டும் வேலையே வராது.

தண்ணீர் வரக்கூடிய வழிகள் நான்கு. முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர். கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவில், வைப்பருக்குக் கீழே இருக்கும் காற்றுப் பெட்டி. எஞ்சின் பக்கமிருந்து ஒயரும் கேபிளும் நுழையும் இடத்து ரப்பர் வளையங்கள். கடைசியாகக் கதவைச் சுற்றிய பீடிங்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு ஆள் வேண்டும். மிதியடி, ஃபெல்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தரை முழுக்கப் பழைய செய்தித்தாளை விரியுங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே உள்சுவரிலும் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே படுத்துக்கொள்ள, இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடிக்க வேண்டும். முதலில் கீழே, கதவின் அடியில் ஐந்து நிமிடம். பிறகு கதவின் மேல்பாதி. பிறகு வைப்பருக்குக் கீழே. கடைசியில் கண்ணாடி ரப்பர், கூரை. மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எந்த வழியாக வந்தது என்பது தெரியாது. செய்தித்தாளில் ஒரு சொட்டு விழுந்தாலும் வட்டமாகக் கறுக்கும். அந்த வட்டத்தில் இருந்து மேல்நோக்கி டார்ச் அடித்துப் போனால் வழி கிடைத்துவிடும்.

காற்றுப் பெட்டியில் கசிந்தால் பெரும்பாலும் உள்ளே சருகு அடைத்துத் தண்ணீர் நிரம்பி வழிகிறது என்று பொருள். சருகை எடுத்து இரண்டு பக்க வடிகாலையும் திறந்துவிட்டால் முடிந்தது. கண்ணாடி ரப்பர் என்றால் சிலர் மேலேயே சிலிக்கான் தடவி விடுகிறார்கள். அது வேண்டாம். புளித்த வாடை அடிக்கிற சாதா சிலிக்கான், காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், அதுவே தகட்டைத் தின்னும். கண்ணாடியைக் கழற்றி, சட்டத்தின் மூலைகளைப் பார்த்து, துருவைச் சுத்தம் செய்து, புது ரப்பர் போடுவதுதான் வேலை. கழற்றும்போது கீழ் மூலை இரண்டும் தேன்கூடு மாதிரி இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

தரையில் ஓட்டை, ஓட்டும்போது ரோடு தெரிகிறது

டிரைவரின் குதிகால் படும் இடம்தான் முதலில் போகும். மேலே ஈரமான ஃபெல்ட், கீழே முன் சக்கரம் அடிக்கும் சேறு. நடுவில் ஒரு மெல்லிய தகடு என்ன செய்யும்?

எண்ணெய் டின்னை வெட்டி ரிவிட் அடித்து, ஓரத்தில் எம்-சீல் வைத்து ஓட்டுபவர்கள் உண்டு. அவசரத்துக்கு ஒரு வாரம் அப்படி ஓடலாம். ஆனால் ரிவிட் வைத்த இரண்டு தகட்டுக்கு நடுவே தண்ணீர் நின்று, சுற்றியிருக்கும் நல்ல தகடும் போய்விடும். பிரேக் மிதிக்கும்போது முழு பலமும் குதிகாலில் இறங்கும் இடம் அது. அங்கே டின் வேலை வேண்டாம்.

முதலில் பாதுகாப்பு, இதில் ஒன்றைக்கூட விடாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். புது மாடல் வண்டியாக இருந்தால் ஈ.சி.எம். (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) சாக்கெட்டையும் கழற்ற வேண்டும். சீட், ஃபெல்ட், ஒயரிங் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, வெட்டப் போகும் இடத்துக்கு நேர் கீழே என்ன ஓடுகிறது என்று பாருங்கள். டீசல் பைப்பும் பிரேக் பைப்பும் அங்கேதான் ஓடும். நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள், இல்லையென்றால் கழற்றுங்கள். தீயணைப்பான், ஒரு பக்கெட் தண்ணீர், ஈரச்சாக்கு இருக்க வேண்டும். வெல்டிங் அடிக்கும்போது கீழே ஓர் ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலை முடிந்து அரை மணி நேரம் வண்டியைத் தனியாக விடாதீர்கள். மூலையில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் துணுக்கு புகை இல்லாமல் கனன்று கொண்டிருக்கும்.

கிரைண்டரில் கட்டிங் வீல் போட்டு, ஓட்டையைச் சுற்றி நல்ல தகடு வரும் வரை வெட்டுங்கள். நல்ல தகடு என்றால் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் பள்ளம்கூட விழக்கூடாது. ஓட்டையின் வடிவத்துக்கே வெட்டாமல் நேர்கோடாக வெட்டி, மூலைகளை மட்டும் வளைத்து விடுங்கள். கூர்மூலையில் இருந்துதான் பிறகு விரிசல் விடும். சீட் பெல்ட் போல்ட், சீட் போல்ட் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வெட்டு வந்தால் நிறுத்திவிடுங்கள். அங்கே உள்ளே தடித்த வலுவூட்டுத் தகடு இருக்கும், அதையும் சேர்த்து மாற்றத் தெரிந்தவர்தான் தொட வேண்டும். உயிர் தொங்கும் இடம் அது.

அளவு எடுக்கக் காலண்டர் அட்டையை மிஞ்ச ஒன்றும் இல்லை. வெட்டின வாயின் மேல் வைத்து விரலால் ஓரத்தை அழுத்தினால் கோடு பதியும். அந்த அட்டையைத் தகட்டின் மேல் வைத்து வெட்டுங்கள். தரைக்கு 18 கேஜ் சி.ஆர். ஷீட் (பூச்சில்லாத சாதா இரும்புத் தகடு) சரியாக இருக்கும், சுமார் 1.2 மி.மீ. பழைய தரையில் நீளமான மேடுகள் இருக்குமே, அவை அழகுக்கு இல்லை. தகடு விறைப்பாக நிற்பதற்காக இருக்கிறது. பெரிய துண்டு வைக்கிறீர்கள் என்றால் புதுத் தகட்டிலும் மேடு தட்டி எடுங்கள். இல்லாவிட்டால் கரடுமுரடான ரோட்டில் தரை தகரப் பெட்டி மாதிரி அடிக்கும்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் போட்டால் துருப்பிடிக்காதே என்று கேட்பார்கள். போடலாம். ஆனால் வெல்டிங் அடிக்கும் ஓரத்தில் ஓர் அங்குலத்துக்குத் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் அடித்தால் வெள்ளைப்புகை வரும். அதைச் சுவாசித்தவருக்கு அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வதை நம்ப வேண்டாம், புகையைச் சுவாசிக்காமல் இருப்பது ஒன்றே வழி.

வெல்டிங்குக்கு சி.ஓ.டூ. மெஷின்தான் (காஸ் மறைப்பில் கம்பி உருகி ஒட்டுவது), 0.8 மி.மீ. கம்பி. சாதா ஆர்க் ராடு இந்தத் தகட்டில் ஓட்டைக்கு மேல் ஓட்டை போடும். காஸ் வெல்டிங்கில் பித்தளை வைப்பது பழைய கைகளுக்கு நன்றாக வரும், ஆனால் சூடு பரவித் தகடு நெளியும். பித்தளை ஒட்டுவதற்குப் போட்டு மிச்சமிருக்கும் வெண்காரப் பொடியைக் கழுவி எடுக்காவிட்டால் அதன் அடியில் இருந்தே துரு கிளம்பும். ஆடிக்காற்றில் வெளியில் வைத்து சி.ஓ.டூ. அடித்தால் காஸ் பறந்துபோய் வெல்டிங் பொரிப்பொரியாக வரும், தார்பாய் கட்டி மறைத்துக்கொள்ளுங்கள்.

தரைக்குப் புதுத் தகட்டைப் பழையதன் மேல் 15 மி.மீ. ஏறும்படி வைக்கலாம். ஏறும் இரண்டு முகத்திலும் வெல்டிங் தாங்கும் ஜிங்க் பிரைமர் அடித்துவிட்டு வையுங்கள். வெளியே தெரியும் பாகங்களில் அப்படி ஏற்றாமல் ஓரத்தோடு ஓரம் சேர்க்க வேண்டும். முதலில் நான்கு மூலையிலும் டாக் (சின்னப் புள்ளி வெல்டிங்), பிறகு எதிரெதிர்ப் பக்கமாக மூன்று செ.மீ.க்கு ஒரு டாக். ஒரே இழுப்பில் கோடு போடாதீர்கள். ஓர் இடத்தில் புள்ளி வைத்தால் அடுத்தது அதற்கு எதிர்ப்பக்கத்தில். புறங்கையைத் தகட்டின் அருகே கொண்டுபோகும்போதே சூடு அடித்தால் பொறுங்கள். தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தால் தகடு இழுத்துக்கொள்ளும்.

புள்ளிகள் எல்லாம் சேர்ந்ததும் கிரைண்டரில் மட்டம் செய்து, உள்ளே டார்ச் வைத்து வெளியே இருந்து பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் வந்தாலும் அதை அடையுங்கள். பிறகு மேலும் கீழும் எபாக்ஸி பிரைமர், இணைப்புக் கோட்டின் மேல் இரண்டு பக்கமும் சீலன்ட், கீழ்ப்பக்கம் அண்டர்கோட். கீழ்ப்பக்கத்தை விட்டுவிட்டு மேலே மட்டும் அழகாகச் செய்த வேலைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், பிரித்து மறுபடி செய்தும் இருக்கிறேன்.

கேபினின் பின்சுவர், அடியில் மட்டும் அரிக்கிறது

கேபினுக்கும் லோடு பாடிக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருக்கும். யாரும் அங்கே கை விட்டுக் கழுவுவதில்லை. மண்ணும் வைக்கோலும் சேர்ந்து, மழைக்குப் பிறகு பல நாள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இது எல்லா ஊரிலும் உண்டு.

எங்கள் ஊருக்கென்று இன்னொன்று இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் பதனிடும் ஊர்களுக்கு உப்புத் தோல் ஏற்றிய வண்டிகள். பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு அடுக்குகிறார்கள். அந்த உப்பு, தோலில் இருக்கும் ஈரத்தை இழுத்துத் தண்ணீராகும். அந்த உப்புத்தண்ணீர் பலகை இடுக்கு வழியாக இறங்கிப் பின்சுவரின் அடியிலும் கேபின் மவுண்டிலும் (கேபின் சேஸிஸ் மேல் உட்காரும் இடம்) சேரும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அது தோல் லோடு அடித்ததா என்று கட்டாயம் விசாரியுங்கள். கடற்கரையே இல்லாத ஊரில் கடற்கரை வண்டி மாதிரி அரித்திருக்கும்.

உப்பேறிய துருவை மற்ற துருவைப்போல நடத்த முடியாது. தேய்த்து, வெள்ளை வெளேரென்று தகடு தெரிகிறது, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட்டீர்கள் என்றால் மூன்று நான்கு மாதத்தில் புள்ளி புள்ளியாகக் கிளம்பும். குழிகளுக்குள் இருக்கும் உப்பு, காற்றில் இருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. தேய்த்த இடத்தை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் தகடு முழுக்க லேசான பழுப்பு பூத்திருந்தால் அது பனி ஈரத்தில் வந்தது, தேய்த்தால் போய்விடும். அப்படியில்லாமல் கடுகு அளவு ஈரப்பொட்டுகள், அதைச் சுற்றி ஆரஞ்சு வளையம் என்று குழிகளின் மேல் மட்டும் தெரிந்தால், உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது. மறுபடி பிரஷ், மறுபடி கழுவல். மூன்று நாள் ஆனாலும் அந்தப் பொட்டு வராத காலை வரும் வரை பிரைமர் டப்பாவைத் திறக்காதீர்கள்.

கழுவும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். பாலாற்றுப் படுகையில் தோல் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போன விஷயம். இன்றைக்கும் பல இடத்து போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. முதல் இரண்டு கழுவலுக்கு அது போதும். கடைசிக் கழுவலுக்குக் கேன் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ பயன்படுத்துங்கள்.

கதவைத் தூக்கிச் சாத்த வேண்டியிருக்கிறது

கதவைத் திறந்து, கைப்பிடிப் பக்க ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கியபடி கீல் பக்கம் பாருங்கள். கீலின் பின் மட்டும் ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது, மாற்றிவிடலாம். கீல் அப்படியே நின்று, அது பொருத்தியிருக்கும் தூண்தகடு மூச்சு விடுவதுபோல் உள்ளே வெளியே போனால் தூணுக்குள் துரு.

இரண்டும் இல்லாமல், கேபினே ஒரு பக்கம் சாய்ந்து கதவின் மேல் இடைவெளி ஒரு முனையில் அதிகம், மறு முனையில் குறைவு என்று இருந்தால், கேபின் மவுண்ட் உட்கார்ந்துவிட்டது. அடியில் பார்த்தால் ரப்பர் புஷ்ஷின் மேல் இருக்கும் தகடு பப்படம் மாதிரி அடுக்கடுக்காக உரியும்.

தூணும் மவுண்டும் கேபினைத் தாங்கும் பாகங்கள். இவற்றைப் பழக்கமில்லாதவர் வீட்டில் வைத்துச் செய்யக்கூடாது. கொடுக்கும் இடத்திலும் ஒன்றைக் கேட்டு உறுதி செய்யுங்கள்: வெட்டுவதற்கு முன்னால் கேபினுக்கு மரக்கட்டை வைத்து ஜாக் கொடுத்து, கதவைச் சரியான இடைவெளியில் சாத்தி வைத்துக்கொண்டுதான் வெல்டிங் அடிப்பார்களா? இல்லையென்றால் கோணலாகவே நிலைத்துவிடும்.

மவுண்ட் இரண்டும் தூணும் சேர்ந்து போயிருந்தால், உடைத்த வண்டியில் இருந்து நல்ல கேபின் ஒன்றை வாங்கி மாற்றுவது பல நேரம் செலவு குறைவு. சேஸிஸே செதிலாக உரிகிறது என்றால் கேபினுக்குச் செலவு செய்ய வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

படிக்கட்டுப் பெட்டி, கூரை ஓரம்

கதவுக்குக் கீழே இருக்கும் படிக்கட்டுப் பகுதி உள்ளே கூடான பெட்டி. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது தண்ணீரில் நின்ற வண்டி ஒன்று பின்னால் என்னிடம் வந்தது. வெளியே ஒரு கொப்புளம்கூட இல்லை. தட்டினால் மண்மூட்டையைத் தட்டுவது மாதிரி இருந்தது. அடித்துளையைத் திறந்தால் வண்டல் கொட்டிக்கொண்டே இருந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் முதலில் இந்தப் பெட்டியைத் தண்ணீர் அடித்து அலசுங்கள்.

கூரை ஓரத்து வாய்க்காலில் இருந்து பழுப்புக் கோடு வழிந்தால் அங்கே பூசிய சீலன்ட் வெடித்திருக்கிறது. வெடித்ததைச் சுரண்டி எடுத்து, துருவைச் சுத்தம் செய்து, பிரைமர் அடித்து, புது சீலன்ட் போடுங்கள். ஒரு மதிய வேலைதான், ஆனால் இதைத் தள்ளிப்போட்டால் தண்ணீர் தூணுக்குள் இறங்கும்.

பட்டி பார்த்த இடமே திரும்பத் திரும்ப வீங்குகிறது

பட்டி, தண்ணீரைத் தடுக்கும் பொருள் இல்லை. பாலியஸ்டர் பட்டி காய்ந்த பிறகும் ஈரத்தை உறிஞ்சும். பின்பக்கம் திறந்த ஓட்டையின் மேல் பட்டியை அப்பினால், பின்னால் இருந்து வரும் ஈரம் பட்டி வழியாகவே தகட்டின் முகத்துக்கு வரும். அதனால் வரிசை முக்கியம்: சுத்தமான தகடு, எபாக்ஸி பிரைமர், அதைத் தேய்த்து அதன் மேல் பட்டி, மறுபடி பிரைமர், பெயின்ட். பட்டி இரண்டு மூன்று மி.மீ.க்கு மேல் வேண்டியிருந்தால் தகட்டை இன்னும் சரியாகத் தட்டி எடுக்கவில்லை என்று பொருள். பட்டியைத் தண்ணீர் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம், காய்ந்த எம்ரித் தாளில் தேய்த்து ஊதித் துடைத்தால் போதும்.

துரு மருந்து பற்றி ஒன்று. கடுக்காய் ஊறிய தண்ணீரில் இரும்பு ஆணியைப் போட்டால் நீலக்கறுப்பாக மாறுவதைத் தோல் பதனிடுகிற இடங்களில் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கரையாத கறுப்புப் பொருளாகிறது. கடையில் விற்கும் துரு மாற்றி மருந்துகளில் ஒரு வகை இந்தத் துவர்ப்பை வைத்துத்தான் வேலை செய்கிறது, இன்னொரு வகை பாஸ்பாரிக் அமிலத்தை வைத்து. இரண்டும் தான் தொட்ட துருவை மட்டும்தான் மாற்றும். செதிலாக நிற்கும் துருவின் மேல் தடவினால் மேல்தோல் கறுத்துவிடும், அடியில் பழைய துரு அப்படியே இருக்கும். அதனால் செதிலைச் சுரண்டிய பிறகு, குழிகளுக்கு மட்டும் மருந்து. அமில வகை என்றால் டப்பாவில் போட்டிருக்கும்படி கழுவிக் காயவைக்க வேண்டும், மிச்ச அமிலத்தின் மேல் எபாக்ஸி பிடிக்காது.

பெயின்ட் அடிக்கும் நாள்

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். தேய்த்த தகடு காலைக்குள் பழுப்பாகிவிடும். சித்திரையில் வைத்தால் வேறு சிக்கல். கத்திரி வெயிலில் மதியம் கூரைத்தகட்டில் கை வைக்க முடியாது, அந்தச் சூட்டில் தின்னர் பறந்து பெயின்ட் மணல் மணலாக நிற்கும். தை, மாசி, பங்குனி நல்லது. காலையில் பனி போனதும் தொடங்கி, தகடு சூடாவதற்குள் முடித்துவிடுங்கள்.

பெயின்ட் காய்ந்ததும் கதவுக்குள்ளும் படிக்கட்டுப் பெட்டிக்குள்ளும் மெழுகு ஸ்ப்ரே அடிக்கலாம். வேஸ்ட் ஆயில் அடிப்பது பழைய பழக்கம். அது ரப்பரை ஊதவைக்கும், பிறகு யாராவது அங்கே வெல்டிங் அடித்தால் தீப்பிடிக்கும். எதை அடித்தாலும், அடித்து முடித்த பிறகு ஸ்போக் கம்பியை எடுத்துக்கொண்டு எல்லா வடிகால் துளையையும் இன்னொரு முறை குத்தித் திறந்துவிடுங்கள். பிரைமரும் அண்டர்கோட்டும் சேர்ந்து அவற்றை மூடியிருக்கும்.

ஃபெல்ட்டையும் மிதியடியையும் உடனே போட்டு மூடாதீர்கள். முதல் பெரிய மழை வரை தரையில் செய்தித்தாள் மட்டும் இருக்கட்டும். மழை விட்ட மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன்னால் குனிந்து அதைப் பாருங்கள். எங்கேயும் கறுப்பு வட்டம் இல்லையென்றால் அன்றைக்கு மிதியடியைப் போடுங்கள்.